சாவி யார் கையில்? துப்பாக்கி சேகரிப்பவர்களின் வீட்டுக் கேள்விகள்

பழைய ராணுவ ரைஃபிள்களைத் துருப்பிடிக்காமல் பாதுகாப்பது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி துருவைப் பற்றியே இல்லை. எல்லாம் வீட்டைப் பற்றியவை. ஒருவர் சேர்க்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். நான் 26 வருடமாகப் பழைய ரைஃபிள்களைச் சேர்த்து வருபவன். அதில் பாதி வருடங்கள் இதே சண்டை என் வீட்டிலும் நடந்தது. அதனால் இந்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு மட்டுமே பதில்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சாதாரண லைசென்ஸ்தாரர் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதற்கு முன் மூன்று. நானும், கீழே இரண்டுக்கு மேல் வைத்திருப்பதாக எழுதியவர்களும், அதற்குச் சட்டம் இடம் தரும் நாடுகளில் வாழ்பவர்கள்.

கேள்வி: எனக்கு வயது 41. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு லீ-என்ஃபீல்டு ரைஃபிளோடு ஆரம்பித்தேன். இன்று 17 இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முறையான காகிதங்கள் உண்டு. இரும்புப் பீரோவில் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் என் மனைவி ஒன்றும் சொன்னதில்லை. இரண்டு வருடமாக ஒவ்வொரு முறையும் சண்டை. "இன்னும் ஒண்ணு வந்தா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதனால் கடைசியாக வாங்கிய இரண்டைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. பீரோவின் பின்வரிசையில் நிற்கின்றன. அவளுக்குத் துப்பாக்கிகளில் வித்தியாசம் தெரியாது என்பதால் இதுவரை பிரச்சினை இல்லை. இவை ஆயுதங்கள் அல்ல, வரலாற்றுச் சின்னங்கள் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: புரியவைப்பதை அப்புறம் பார்ப்போம் நண்பரே. பின்வரிசையில் நிற்கும் அந்த இரண்டைப் பற்றி இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவராகக் கண்டுபிடிக்கும் நாள் வரை காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு காலத்தில் 19 ரைஃபிள்கள் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது என் சட்டைப் பையிலிருந்து ஒரு .303 தோட்டா கிடைத்திருக்கிறது. சுடும் மைதானத்திலிருந்து திரும்பும்போது கவனிக்காமல் கொண்டுவந்தது. என் மனைவி அதைத் தூக்கி எறியவில்லை, கத்தவில்லை. என் மேசையில், மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில், நெட்டுக்குத்தலாக நிற்க வைத்திருந்தாள். பித்தளை பளபளத்துக்கொண்டு, முனை மேலே பார்த்தபடி. இரண்டு நாள் அது அங்கேயே நின்றது. அதை எடுக்க எனக்கும் கை வரவில்லை. எங்கள் மகனுக்கு அப்போது எட்டு வயது. அவனை அந்த அறைக்குள்ளேயே அவள் விடவில்லை.

மூன்றாம் நாள் இரவு கேட்டாள். "உள்ள எத்தனை இருக்கு?"

பதினைந்து என்றேன்.

"நான் எண்ணிட்டேன்" என்றாள்.

சாவியை நான் எங்கே வைப்பேன் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. டார்ச்சை அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாள். அன்று அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "எனக்குத் துப்பாக்கியைப் பார்த்துப் பயமில்லைங்க. எத்தனைன்னு நீங்க சொல்ற கணக்கையே நம்ப முடியலைன்னா, பூட்டியாச்சுன்னு நீங்க சொல்றதை மட்டும் நான் எப்படி நம்பறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடமும் இருக்காது. துப்பாக்கி உள்ள வீட்டில் மனைவியின் நிம்மதி முழுக்க உங்கள் வாய்ச்சொல்லை நம்பித்தான் நிற்கிறது. காலியாக இருக்கிறது, பூட்டியிருக்கிறது, தோட்டா வேறு இடத்தில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லும் மூன்றையும் அவர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. எண்ணிக்கையில் ஒரு பொய் வந்துவிட்டால் அந்த மூன்றும் சேர்ந்து ஆடிப்போகும்.

"அவளுக்கு வித்தியாசம் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. மாடல் பெயர் தெரியாமல் இருக்கலாம். பீரோக் கதவை மூடும்போது முன்னைவிட அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறதா என்பது அவருக்கு நிச்சயம் தெரியும்.

அடுத்து, அவருடைய எதிர்ப்பு எதன் மீது என்று கேட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைக் காணவில்லை. பணமா, இடமா, குழந்தைகளா, உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளா? பணம் என்றால் வீட்டுக் கணக்கில் ஒரு தனி வரி போட்டு அதற்குள் நின்றால் தீர்ந்தது. மற்றவை அவ்வளவு லேசில் தீராது.

எங்கள் வீட்டில் முதலில் வெளிவந்த புகார், நான் சாப்பாட்டு மேசையில் வைத்து ரைஃபிள் துடைப்பது. பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுத்தம் பார்க்கிறாள் என்று நினைத்து, அடியில் ஒரு பழைய துணியை விரித்துக்கொண்டு தொடர்ந்தேன். தவறு முழுக்க என்னுடையது. பெரும்பாலான தோட்டாக்களின் பிரைமரில், அதாவது அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், ஈயச் சேர்மம் இருக்கிறது. குழலுக்குள் துணியை விட்டு இழுத்தால் வருகிற கறுப்பு அழுக்கில் ஈயம் உண்டு. அது மேசையில், கையில், துணியில் ஒட்டும். அந்த மேசையில்தான் குழந்தை சாப்பிடுகிறது, அதன் உடம்பில் ஈயம் கொஞ்சம் ஏறினாலே மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அவள் காரணம் தெரியாமல் சொன்னதற்குச் சரியான காரணம் இருந்தது. இப்போது அந்த வேலைக்கு வீட்டுக்கு வெளியே கொட்டகையில் தனி மேசை, தனித் துணி, நைட்ரைல் கையுறை. வேலை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவேன்.

இரண்டாவது, சாவி. இதை எங்களுக்குத் தீர்த்துவைத்தது போல்ட், அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்பக்கத்தை அடைக்கும், கழற்றக்கூடிய இரும்புத் தண்டு. உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள்தான் என்று ஊகிக்கிறேன். லீ-என்ஃபீல்டு, மவுசர் 98, மோசின்-நாகன்ட் மூன்றிலும் போல்ட்டைக் கழற்றிவிட்டால் மீதி இருப்பது குழலும் கட்டையும்தான், சுட முடியாது. என் வீட்டில் ரைஃபிள்கள் ஒரு பீரோவில், அதன் சாவி என்னிடம். போல்ட்டுகள் எல்லாம் வேறு அறையில் ஒரு சிறிய லாக்கரில், அதன் எண் என் மனைவிக்கு மட்டுமே தெரியும். தோட்டாக்கள் மூன்றாவது இடத்தில். நான் மைதானத்துக்குப் போக வேண்டுமென்றால் அவளிடம் கேட்டு வாங்க வேண்டும். முதல் மாதம் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது, ஏனென்றால் சண்டை நின்றுவிட்டது.

இதில் ஒரு எச்சரிக்கை. போல்ட்டுகள் ஒன்றோடொன்று மாறிவிடக் கூடாது. ஒரு ரைஃபிளின் போல்ட்டை இன்னொன்றில் போட்டால் தோட்டா உட்காரும் இடைவெளி மாறிப்போய், சுடும்போது பித்தளை உறை கிழியக்கூடும். போல்ட்டிலும் உடலிலும் ஒரே எண் பொறித்திருப்பது சேகரிப்பாளருக்கு மதிப்பு என்பதும் உங்களுக்குத் தெரியும். எனவே ஒவ்வொன்றுக்கும் துணிச்சீட்டு கட்டினோம். சீட்டுகளில் எண்களை எழுதியவள் என் மனைவி. ரிசீவரில், அதாவது போல்ட் உட்காரும் இரும்பு உடலில், இருக்கும் எண்ணை நான் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கப் படிக்க, அவள் மார்க்கர் பேனாவால் எழுதினாள். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் 1942இல் செய்த ஒரு ரைஃபிளின் கழுத்துப் பட்டையில் கிரீடமும் அதன் கீழே ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளும் இருந்தன. "இது என்ன?" என்று கேட்டாள். ஜார்ஜ் மன்னரின் முத்திரை என்றேன், சுதந்திரத்துக்குப் பிறகு இஷாப்பூரில் செய்தவற்றில் அதே இடத்தில் அசோகச் சிங்கம் வந்துவிட்டது என்றேன். இன்னொன்றை எடுத்து விளக்கின் அருகே பிடித்துச் சிங்கத்தைத் தேடினாள். பத்து வருடமாக நான் "வரலாற்றுச் சின்னம்" என்று சொல்லிச் சொல்லி நடக்காதது, அவளாகக் கேட்டபோது இரண்டு நிமிடத்தில் நடந்தது. நீங்களும் கேட்காமல் பாடம் நடத்தாதீர்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். 17 அதிகமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எல்லை இல்லாமல் வளர்வதைச் சேகரிப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிடைத்ததையெல்லாம் வாங்கினால் அது கிடங்கு. நான் இஷாப்பூர் ஆலையில் செய்தவை மட்டும் என்று வரம்பு போட்டேன். மோசின்களும் மவுசர்களும் ஒவ்வொன்றாக முறைப்படி வேறு சேகரிப்பாளர்களிடம் போயின. ஒரு மவுசரைக் கொடுத்துவிட்டு வந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. இன்று ஏழு இருக்கின்றன. ஏழின் கதையும் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். புதிதாக ஒன்று வர வேண்டுமென்றால் ஒன்று போக வேண்டும், வாங்குவதற்கு முன்பே பேச வேண்டும், அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இந்தக் கடைசி நிபந்தனைதான் உங்களுக்குக் கசக்கும். ஆனால் அவர் ஏற்கெனவே வீட்டை விட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதைவிடப் பெரிய மறுப்பு அவர் கையில் வேறு எதுவும் இல்லை.

கேள்வி: என் மனைவிக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை என்பதால் தாத்தாவின் கைத்துப்பாக்கியைத் தோல் உறையோடு கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்திருக்கிறேன். இது போதுமா?

பதில்: போதாது. கட்டிலுக்கு அடியில் என்பது பூட்டே இல்லாததற்குச் சமம். குழந்தைகள் முதலில் தேடும் இடமே அதுதான். சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய பெட்டகம் வேண்டும். தோட்டா அதோடு இருக்கக் கூடாது. தோல் உறையிலிருந்து இன்றே வெளியே எடுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்டபோது சேர்ந்த அமிலமும் உப்பும் அதில் இருக்கும். உறை தொட்டுக்கொண்டிருக்கும் இடமெல்லாம் துரு அரித்துக் குழி விழும். எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உறையைப் பக்கத்தில் தனியாக வைத்தால் போதும்.

கேள்வி: என் கணவர் பத்து வருடமாகத் துப்பாக்கி சேகரிக்கிறார். நான் எதிர்த்ததே இல்லை. எட்டு மாதத்துக்கு முன் அவருக்கு வேலை போனது. அதன் பிறகு சரியாகத் தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. இரவில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் துடைக்கிறேன் என்கிறார். கொஞ்ச நாளைக்கு வேறு எங்காவது வைக்கலாமா என்றேன். "இது ஒண்ணுதான் எனக்கு மிச்சம், இதையும் பிடுங்கப் பாக்கிறியா" என்று கோபப்பட்டார். நான் அதிகமாகக் கற்பனை செய்கிறேனா?

பதில்: இல்லை சகோதரி. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது படிப்பார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

அவரிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனநல மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். பலருக்கு யாராவது ஒருவர் கேட்டதே பெரிய ஆறுதல். ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவ உதவி தேடுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, அமெரிக்காவில் 988 ஆகிய எண்கள் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகின்றன. மற்ற நாடுகளிலும் இப்படி ஒரு எண் இருக்கும், அவசரம் என்றால் அவசர உதவி எண்ணையே கூப்பிடுங்கள்.

துப்பாக்கிகளை வீட்டிலிருந்து வெளியேற்றத்தான் வேண்டும். கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டு இறப்பது, வைத்திராத ஆண்களைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. நான் இந்தப் பொருளை நேசிப்பவன். ஆனாலும் இந்த எண்ணைப் படித்த பிறகு எதையும் மழுப்பிப் பேச எனக்கு மனம் வரவில்லை. தற்கொலை எண்ணத்தின் உச்சம் பலருக்குச் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் இறந்துவிடுகிறார்கள், அவர்களுக்கு மனம் மாற நேரமே கிடைப்பதில்லை. அதே சமயம், எந்த வழியிலாவது முயன்று உயிர் பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. அந்த ஒரு இரவைத் தாண்ட வைப்பதுதான் உங்கள் வேலை.

நீங்களே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அவர் மதிக்கும் ஒருவரை, முடிந்தால் இன்னொரு சேகரிப்பாளரை, அழைத்துப் பேசச் சொல்லுங்கள். "உன்னிடமிருந்து பிடுங்கவில்லை, நீ தேறும்வரை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று ஒரு நண்பர் சொல்வது வேறு, மனைவி சொல்வது வேறு. அவருக்கு அது மானப் பிரச்சினையாகியிருக்கிறது. லைசென்ஸ் பெற்ற வணிகர், சுடும் கழகம், காவல் நிலையம் ஆகியவற்றில் எது உங்கள் நாட்டுச் சட்டப்படி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் என்று விசாரியுங்கள். நண்பர் வீட்டில் வைப்பது சில இடங்களில் குற்றமாகிவிடும், பார்த்துச் செய்யுங்கள். அன்றைக்கே எடுத்துப்போக முடியவில்லை என்றால் தோட்டாக்கள் முழுவதும் வெளியே போகட்டும், பூட்டின் எண் மாறட்டும்.

அவர் உங்களை மிரட்டினாலோ, கோபத்தில் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலோ, மேலே சொன்ன எதுவும் வேண்டாம். குழந்தைகளோடு வெளியே வந்துவிட்டுப் பிறகு போலீஸுக்குப் பேசுங்கள். கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் துணைவர் கையால் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுவது, துப்பாக்கி இல்லாத வீட்டில் இருப்பவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று அதே ஆய்வாளர்கள் 2022இல் எழுதினார்கள். இறந்தவர்களில் 84 சதவீதம் பெண்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் சேகரிப்பவள் நான், எதிர்ப்பவர் கணவர். அப்பா விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கி என் பெயருக்கு மாறி வந்திருக்கிறது. பிறகு நானாக இரண்டு வாங்கினேன். கணவரின் சிறு வயதில் அவர் அண்ணன் துப்பாக்கி விபத்தில் இறந்திருக்கிறார். கல்யாணமாகி பதினைந்து வருடத்தில் அதை அவர் என்னிடம் சொன்னதே போன மாதம்தான். அவருக்குப் பழக்கினால் பயம் போகுமா?

பதில்: பழக்க வேண்டாம் அம்மா. முதல் கடிதக்காரருக்கு நான் சொன்ன சாவி, சீட்டு, வரம்பு எதுவும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. உங்கள் கணவருக்கு இருப்பது தெரியாததால் வந்த பயம் இல்லை. அவர் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு மேலேயே தெரிந்துகொண்டவர். பதினைந்து வருடம் வாய் திறக்காமல் இருந்து, இரண்டு துப்பாக்கி கூடுதலாக வந்ததும் சொல்லியிருக்கிறார் என்றால், முதல் துப்பாக்கியையே அவர் எவ்வளவு சிரமப்பட்டுச் சகித்திருப்பார் என்று யோசியுங்கள்.

நீங்களாக வாங்கிய இரண்டையும் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. அப்பாவின் துப்பாக்கி வேறு விஷயம், அதை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வெளியே லைசென்ஸ் உள்ள காப்பிடத்திலோ நீங்கள் சுடப் போகும் கழகத்திலோ வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் உரிமம் பெற்றவரிடம் கொடுத்துச் சட்டப்படி நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யலாம். அதற்குப் பிறகு அது சுடாது. ஆனால் அதைத் திரும்பச் சரிசெய்யவும் முடியாது, சேகரிப்பாளரின் கணக்கில் மதிப்பும் இறங்கிவிடும். செயலிழந்ததை வீட்டில் வைக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், உங்கள் கணவருக்குக் கண்ணில் படுவதே வலியாக இருக்கலாம். அதனால் முடிவெடுப்பதற்கு முன் அவரிடம் இந்த ஒன்றைக் கேளுங்கள்: சுடாது என்று தெரிந்தால் போதுமா, இல்லை வீட்டில் இல்லாமல் இருந்தால்தான் தூக்கம் வருமா? அவர் இரண்டாவதைச் சொன்னால் செயலிழக்கச் செய்ய வேண்டாம். அப்பா வைத்திருந்தபடியே அது கழகத்தில் இருக்கட்டும். எண்ணெய் போட வேண்டிய நாளில் நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள்.